சிங்கப்பூருக்கு ஏத்தமா, இறக்கமா?

விமான டிக்கெட் போட்டுத் தருகிறவனை ஊரே பைலட் மாதிரி நம்பும். நானோ கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை போட்டிருக்கும் ஆள், இதுவரை விமானத்தில் கால் வைத்ததே இல்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிப் பிழைக்கும் என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏழும் ரெண்டும்

எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ரத்தினக்கா ஒருநாள் கடைக்கு வந்தார். மகள் செல்விக்குச் சிங்கப்பூரில் தலைப்பிரசவம். "கொழந்த பொறக்கற நேரத்துல நான் பக்கத்துல இருக்கோணுமுங்க தம்பி" என்பது ஒன்றுதான் அவர் கோரிக்கை. கோவையிலிருந்து டிக்கெட் போட்டேன். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வரும் என்று பந்தாவாகச் சொன்னேன். மலைக்காரர்களுக்குக் கிலோமீட்டர் எதற்கு? "எத்தனை மணி நேரமுங்க?" என்றார்.

டிக்கெட்டில் இருந்த நேரங்களைக் கழித்துப் பார்த்தேன். போக ஏழு மணி நேரம், திரும்பி வர இரண்டே மணி நேரம்! அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அதில் போடுவார்கள் என்பது இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை. நான் திருதிருவென்று முழிப்பதைப் பார்த்து அக்காவே கைகொடுத்தார். மேட்டுப்பாளையம் பஸ்ஸும் அப்படித்தானாம். ஏத்தத்தில் நேரமாகும், இறக்கத்தில் சல்லென்று போய்விடுமாம். அப்பாடா என்று ஆமாம் போட்டேன்.

"அப்பச் சிங்கப்பூரு நம்மூரவிட ஒசரமுங்க. நான் ரெண்டு சுவெட்டரா எடுத்துக்கறேன்."

கூட்டினதையே கூட்டினேன்

அக்கா கிளம்புவதற்கு முந்தின நாள், சிங்கப்பூர்க் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்று ஒரு வாடிக்கையாளர் பேச்சுவாக்கில் சொன்னார். எனக்குப் பகீரென்றது. உடனே செல்வியின் கணவருக்குப் போன் போட்டு, "டிக்கெட்டுல இருக்கறது நம்மூரு நேரமுங்க. இன்னும் ரெண்டரை மணி நேரம் கூட்டி ஏர்போர்ட்டுக்குப் போங்க" என்றேன். ஏற்கெனவே கூட்டிப் போட்டிருந்ததை நான் இன்னொரு தடவை கூட்டிவிட்டேன். டிக்கெட் போட்டவரே சொல்கிறாரே என்று அந்த நல்ல மனிதரும் நம்பிவிட்டார்.

மறுநாள் செல்வி கூப்பிட்டாள். அம்மா ஏர்போர்ட்டில் யாரிடமோ போன் வாங்கி, தன்னை அழைத்துப் போக யாருமே வரவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

"அண்ணா, வலி வந்து ஆஸ்பத்திரில படுத்திருக்கேன். எங்கம்மாவ எங்கதானுங்க எறக்கி விட்டீங்க?"

திட்டு வாங்கத் தயாராக

அக்கா ஊர் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் ஷட்டரை இழுத்துவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. அதற்குள் அவரே வந்து நின்றார். "என்னை நாலு திட்டுத் திட்டிருங்கக்கா" என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்காமல் பேத்தியின் போட்டோவைக் காட்டினார்.

விமானம் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் செல்விக்கு வலி எடுத்திருக்கிறது. நான் சொன்ன நேரத்தை நம்பி மருமகன் இன்னும் வீட்டிலேயே இருந்திருக்கிறார். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ஏர்போர்ட்டுக்கு ஓடி மாமியாரை அழைத்துப் போயிருக்கிறார். பேத்தி பிறந்தபோது அக்கா பக்கத்தில்தான் இருந்தார். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க சரியாச் சொல்லியிருந்தா எம்புள்ள ஊட்டுல ஒத்தையில துடிச்சிருப்பாளுங்க. அடுத்த பிரசவத்துக்கும் நீங்கதான் தப்பாச் சொல்லோணும், ஆமா!"

அன்றிலிருந்து டிக்கெட்டில் இருப்பதை வாசித்துக் காட்டுவதோடு வாயை மூடிக்கொள்கிறேன். தப்புக் கணக்குப் போட்டு நல்ல பெயர் வாங்கும் யோகம் ஒரு மனிதனுக்கு ஒரு தடவைதான் அடிக்கும்.