ஜன்னலோரக் கலங்கல் தண்ணீர்

ஈசூனில் எங்கள் அடுக்குமாடி வீட்டுத் தொட்டியில் கோமாளி மீன்கள் குஞ்சு பொரித்தன. அந்தப் பொடிக் குஞ்சுகள் உயிருள்ள தீனியைத்தான் தின்னும். கடையில் விலை அதிகம். அதனால் ரொட்டிஃபர் என்ற மிகச் சிறிய உயிரியை உப்புத் தண்ணீரில் விட்டு, ஈஸ்ட் போட்டு, சமையலறை ஜன்னலோரம் பாட்டில்களில் நானே வளர்த்தேன்.

கொசு ஒழிப்பு அதிகாரி எங்கள் மாடிக்குச் சோதனைக்கு வந்ததும் என் கணவர் பதறினார்.

"எல்லாத்தையும் ஊத்திடு லா. ஃபைன் போட்டுடுவாங்க."

"ஊத்தினா குஞ்சுங்க பட்டினியில செத்துடும். நான் பேசிக்கிறேன்" என்றேன். அவர் பேச்சை நான் மறுத்தது அதுவே முதல் தடவை.

அதிகாரி ஒரு தமிழ் இளைஞர். பாட்டில்களைப் பார்த்து முகம் சுளித்தார். "அக்கா, தேங்குன தண்ணி வைக்கக் கூடாது."

"தேங்கல தம்பி, காத்துக் குழாய் ஓடுது. கொசுப்புழு ஒண்ணு காட்டுங்க, நானே ஊத்திடுறேன்." ஜன்னலை மறைத்தபடி நின்றேன்.

டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். வெள்ளைப் புள்ளிகள் மட்டும் நகர்ந்தன. "மேல வலை கட்டிடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாதிக்கு மேல் குஞ்சுகள் இறந்தன. மற்றவை வளர்ந்தன; உடம்பில் வெள்ளைப் பட்டை வந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் கணவர், "நாங்க வளர்த்தது" என்கிறார்.

"நான் வளர்த்தது" என்று ஒவ்வொரு முறையும் திருத்துகிறேன். சிரித்துக்கொண்டுதான், ஆனால் விடாமல்.