வாசல் வரை அணிந்த செருப்பு

நாங்கள் உருவாக்கிய செருப்பைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்துவிட்டது. பெங்களூரின் நீலசந்திராப் பகுதியைச் சேர்ந்த ஓர் அம்மையார் அதில் பெயரின்றி, "இடையில் விலகியவர்" என்னும் தொடருக்குள் அடங்கிவிட்டார். ஆய்வு நெறிப்படி அது பிழையன்று. ஆயினும் அவர் எதிலிருந்தும் விலகவில்லை என்பதை அறிந்தவருள் நானும் ஒருவன். ஆகவே நடந்ததை நடந்தவாறே எழுதிவைப்பது கடமையாகிறது.

நான் மருத்துவன் அல்லன். இரப்பரின் இயல்புகளைக் கற்பித்து ஓய்வு பெற்றவன். நீரிழிவால் பாதம் மரத்துப்போன ஏழை நோயாளர்க்கு மலிவான செருப்பு ஒன்றை உருவாக்கப் பெங்களூரில் ஒரு மருத்துவக் குழு முனைந்தபோது, அதன் உள்மெத்தைக்குரிய பொருளைத் தேர்ந்து தருமாறு என்னை அழைத்தனர். மரத்த பாதம் கல்லையும் முள்ளையும் உணராது. உடலின் எடை ஓரிடத்திலேயே அழுந்தினால் தோல் சிதைந்து புண்ணாகும். புண் எலும்பைத் தொட்டால் பெரும்பாலும் காலை இழக்க நேரும். எடையைப் பாதம் முழுதும் பரப்பும் மெத்தையே காப்பு. நாங்கள் உள்நாட்டு நுரை இரப்பரைப் பதப்படுத்தினோம். சோதனைக் கூடத்தில் ஒரு பொறி அதை இடைவிடாது மிதித்தது, மெத்தை தளரவில்லை.

அந்த அம்மையாரின் வலக்காற் பெருவிரலுக்கு அடியில் முன்பே ஒரு புண் வந்து ஆறியிருந்தது. மீண்டும் வந்தால் அந்தக் கால் தங்குவது அரிது என்று குழுத்தலைவியான மருத்துவர் எங்களிடம் சொல்லியிருந்தார். செருப்பை அணிந்து பார்த்த அன்று அம்மையார் சிரித்தார்.

"டாக்டரம்மா, இத்த போட்டுக்கினு பஸ் ஏறுனா எழுந்து சீட்டு குடுப்பாங்க போல."

சில மாதங்களில் அதே இடத்தில் தோல் கறுத்தது. செருப்பை வாங்கிச் சோதித்தேன். மெத்தை ஏறக்குறைய புதிதாகவே இருந்தது. மருத்துவருக்குச் சினம் மூண்டது.

"போடறதே இல்ல, அப்படித்தானே? பீரோல வச்சுப் பூட்டிட்டீங்களா?"

"தெனமும் போடறேம்மா."

"அப்ப ஏன் அழுந்தவே இல்ல?"

"வாசல் வரைக்கும்தானம்மா போடறது. வீடு வீடா பெருக்கித் தொடைக்கறவ, கழட்டாம உள்ள போவ முடியுமா? எங்க வூட்டுக்கு வந்தாலும் வாசல்லதான் வுடணும்."

சோதனைக் கூடத்தில் தூசு புகாதிருக்கும்பொருட்டு நாங்கள் அனைவரும் காலணிகளை வெளியே கழற்றிவிட்டு வெறுங்காலுடன் நின்றிருந்தோம். "விழித்திருக்கும் நேரமெல்லாம் அணிக" என்று நோயாளர்க்கான குறிப்பில் அச்சிட்டிருந்தோம். அதைத் தமிழிலும் கன்னடத்திலும் பெயர்த்தவரும் படித்துச் சரிபார்த்தவரும் தத்தம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுபவர்களே.

அவர் நெடுங்காலம் வேலை செய்துவந்த வீட்டுக்கு மருத்துவரும் நானும் புதிய இணை ஒன்றுடன் சென்றோம். வீட்டுக்கார அம்மாளும் தமிழரே. அவர் தடை சொல்லவில்லை.

"வெளியில போடாத செருப்புதானே, உள்ளயே இருக்கட்டும். ஏம்மா, போட்டுக்கோயேன்."

"வேணாம்மா. சாமி ரூமு நான்தான தொடைக்கறேன். செருப்புக்காலோட எப்பிடி?"

"அந்த ரூம நான் பாத்துக்கறேன்."

"நீங்க குனிஞ்சு தொடைப்பீங்க, நான் செருப்பு போட்டுக்கினு நின்னு பாக்கணுமா? நல்லாத்தான் இருக்கும்."

இருவரும் சிரித்தனர். அவர் அணியவில்லை.

அதன்பின் அதே மெத்தையைத் துணிக்குள் வைத்துக் காலுறைபோல் தைத்தோம். "இது செருப்பில்ல, துணிதான்" என்று மனநிறைவோடு ஏற்றுக்கொண்டார். ஆனால் ஈரத் தரையில் நாள்தோறும் புழங்கிய காலில் துணி நீரைப் பருகி வைத்துக்கொண்டது. ஊறிய தோல் கிழிந்தது. வலி இல்லாமையால் அவர் அறியவில்லை. நீர் புகாத மேலுறையை நாங்கள் ஆய்ந்துகொண்டிருந்தபோதே சீழ் எலும்பை அடைந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே வெட்டினர்.

மருத்துவமனையில் அவரைக் காணச் சென்றேன். எஞ்சிய காலும் மரத்ததே. அதற்கு நீர் புகாத மேலுறை ஆயத்தமாகிவிட்டது என்று தெரிவித்தேன். அவர் போர்வையைச் சரிசெய்துகொண்டார்.

"துணி வேணாம் சார். செருப்பே குடுங்க. இனிமே யாரு வீட்டுக்குள்ள போவப்போறேன்."

ஒற்றைச் செருப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடந்து காட்டும் அடுத்த சோதனைக்கு அவரால் வர இயலவில்லை.

நோயைப் பற்றி நான் எழுதியவற்றில் பிழை இருப்பின் மருத்துவம் அறிந்தோர் பொறுத்துத் திருத்துக. உரையாடல்களை நினைவிலிருந்தே எழுதினேன். அவரை அறிந்தவர் எவரேனும் இதைப் படித்து, அவர் சொன்னது வேறு என்று கண்டால், என் வரியை அடித்துவிட்டு அவர் சொல்லை அங்கே எழுதி எனக்கும் தெரிவிக்க வேண்டுகிறேன்.