அடுப்பு மேல் சுற்றும் ஃபேன்

இன்று சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் கரண்ட் இல்லை. காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தபோது ஸ்காட்லாந்திலிருந்து அம்மா வீடியோ காலில் வந்தாள்.

அங்கே தங்கை வீட்டில் குளிருக்கு மூட்டிய விறகு அடுப்பின் மேல் ஒரு சின்ன ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"கரண்டே வேண்டாம்டி. அடுப்புச் சூட்டுலயே சுத்தி, ரூம் முழுக்க அனலைப் பரப்புது."

"உள்ள பேட்டரி இருக்கும், பாரும்மா."

"உன் தங்கச்சி திருப்பிக் காமிச்சுட்டா. இல்ல."

என் வீட்டு ஃபேனை அம்மா ஒருநாள் கூடப் பாராட்டியதில்லை. இரண்டில் வைத்தாலே முட்டி வலிக்கிறது என்பாள். அங்கே அந்த அடுப்பு ஃபேன் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"அடுத்த மாசம் வந்துடுவேல்ல?"

"அங்க வெயில் முடியட்டும்டி. இங்க சொகமா இருக்கு."

ஒரு ஃபேன் மேல் பொறாமைப்படுவேன் என்று நான் நினைத்ததில்லை.

பங்குனியிலேயே எங்கள் மொட்டை மாடி அந்த அடுப்பை விடச் சூடு. மாடியில் வைத்தால் அந்த ஃபேன் சுற்றுமா? அதைப் பார்க்கவாவது அம்மா வருவாளா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.