மல்காஜ்கிரி வீட்டில் மூன்று தளத்துக்கும் ஒரே வைஃபை

போன மாதம் ஒரு வெள்ளி மாலை சென்னையில் ரயில் ஏறினேன். ஹைதராபாத்துக்கு எல்லாரும் பிரியாணி சாப்பிடப் போவார்கள். நான் வைஃபை போடப் போனேன். என் அக்காவுக்கு வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களோடு போனில் பேசும் வேலை. பேச்சு பாதியில் அறுந்துகொண்டே இருந்ததால் ஆபீசில் கடைசி எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். இன்னொரு முறை அறுந்தால் வேலை போய்விடும்.

காலையில் செகந்திராபாத். அங்கிருந்து மல்காஜ்கிரி ஐந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார். "நக்கோ பையா", வேண்டாம் அண்ணா என்று நடக்க ஆரம்பித்ததும் நூற்றைம்பதுக்கு இறங்கினார். நீங்களும் நடந்து பாருங்கள்.

அக்கா வீட்டில் மூன்று தளம், தளத்துக்கொரு வைஃபை பெட்டி. பொருத்தியவர் மூன்றுக்கும் மூன்று பெயர் வைத்துத் தனிக்குடித்தனம் நடத்தவிட்டிருந்தார். அக்கா படியேறினால் போன் கீழ்ப் பெட்டியை விட்டு மேல் பெட்டியில் புதிதாகச் சேர வேண்டும். அதற்குள் பேச்சு போச்சு. இதற்குக் கூலி வேறு வாங்கியிருக்கிறார்!

பொருத்தியவருக்கே போன் போட்டுக் கேட்டேன்.

"கைக்கு கூம்ரே மேடம்? ஏக் ஜகா பைட்கே பாத் கரோ நா."

மேடம் எதற்குச் சுற்றுகிறாராம், ஓரிடத்தில் உட்கார்ந்து பேசட்டுமாம்! கீழே அடுப்பு, நடுமாடியில் படுத்த படுக்கையாய் மாமனார், மேலே துணி. எங்கே உட்காருவது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நானே உட்கார்ந்தேன். மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். கீழ்ப் பெட்டியிலிருந்து மற்ற இரண்டுக்கும் கேபிள். போன்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை கீழ்ப் பெட்டிக்கு மட்டும். மற்றவற்றில் அதை அணைத்துவிட வேண்டும். அலைகள் ஒன்றோடொன்று மோதாதபடி ஒவ்வொன்றுக்கும் வேறு சேனல். சிக்னலைச் சற்றுக் குறைத்தால் போன் பழைய பெட்டியைப் பிடித்துத் தொங்காது. பாதி நாள் வேலை, அவ்வளவுதான்.

அக்கா என்னோடு போனில் பேசிக்கொண்டே அடுப்படியிலிருந்து மொட்டைமாடிவரை போனாள். அறுபடவே இல்லை. "பொழச்சேன்டி" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமாவுக்கும் வீட்டிலிருந்துதான் வேலை. கதவைச் சாத்திக்கொண்டு கீழ்ப் பெட்டி பக்கத்திலேயே இருப்பவர் அப்போதுதான் வெளியே வந்தார். "நல்லதாப் போச்சு. இனிமே பேசிக்கிட்டே அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிடலாம் நீ."

இதற்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?

"உங்க போனைக் குடுங்க மாமா" என்று வாங்கி, அதையும் புதிய பெயரில் இணைத்தேன். "இனி உங்களுக்கும் எந்த மாடியிலயும் அறுந்து போகாது. நீங்களும் நடந்துக்கிட்டே பேசலாம்."

அக்கா கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

இப்படி வைஃபை போடப் போகிறவர்கள், கிளம்புமுன் வீட்டில் எல்லார் போனையும் இணைத்துவிடுங்கள். உட்கார்ந்தே பேசுகிறவர் போனை முதலில்.