பம்பாயில் காதர் வழி தவறவில்லை

பேருந்து நிலையத்துக்கு எதிரே டிக்கெட் கடை வைத்திருப்பவரே, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். பதினோரு வருடமாக அதே பொய்.

போன வாரம் அக்கா மகன் கத்தார் போக டிக்கெட் விசாரிக்க வேண்டியிருந்தது. அக்கா இந்தக் கடையைத்தான் சொன்னாள். எனக்குப் புத்தி இல்லை, போனேன். வாசலில் புது ஃபிளெக்ஸ். அதில் கடைக்காரர் கைகூப்பி நிற்கிறார். கீழே, ‘வழி தெரியாதவர்களுக்கு வழிகாட்டி’. உள்ளே ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்.

“மங்கலம்பேட்டையில ஒருத்தன் இருக்கான்மா. பம்பாய் ஏர்போர்ட்டுல வழி தெரியாம சுத்திக்கிட்டே இருந்து, அப்பன் சாவுக்குக்கூட வந்து சேரல. அதான் சொல்றேன், எங்கிட்ட கேட்டுட்டுப் போங்க.”

அந்த அம்மா “அடப் பாவமே” என்றார். நான் டிக்கெட் விலையைக்கூடக் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு வந்த பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் மேசை மேல் ஒரு பீங்கான் யானை இருந்தது, நம் விருத்தாசலத்து யானை. அவர் சொன்ன அந்த ‘ஒருத்தன்’தான் காதர். அவனும் நானும் பழகியதே அப்படிப்பட்ட யானைகளுக்குக் கண் வரைகிற பட்டறையில்தான். எனக்குக் கை நடுங்கும். என் யானைகளெல்லாம் மாறுகண்ணோடு விலைக்குப் போயின. காதர் ஒரே தொடலில் வைத்துவிடுவான். அவன் முதலில் கத்தாரில் தோஹாவுக்கு வேலைக்குப் போனான். இரண்டு வருடம் கழித்து என்னையும் கூப்பிட்டுக்கொண்டான்.

எட்டுப் பேருக்கு ஓர் அறை. வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும், ஊருக்குப் போகிறவனுக்கு வழி சொல்வது அங்கே ஒரு வழக்கம். எந்தக் கதவு, எந்த வரிசை, எங்கே பஸ் நிற்கும் என்று போய் வந்தவன் சொல்ல வேண்டும். சொல்வதில் காதரை அடிக்க ஆளில்லை. வாசலில் கிடக்கிற செருப்புகளை அள்ளி வந்து தரையில் பரப்புவான்.

“இது இமிக்ரேஷன். இது பெட்டி வர்ற பெல்ட்டு. எறங்கினதும் கூட்டம் போற பக்கமே போவாத மாப்ள. கூட்டம் மொதல்ல கக்கூஸுக்குத்தான் போவும்.”

“என் செருப்ப ஏன்டா கக்கூஸு ஆக்குன?”

“நாறுதில்ல, அதான்.”

திருச்சிக்கு ஒரே ஒரு செருப்பு. “எறங்கு, நாலு எட்டு வை, வெளிய உங்க மாமா நிப்பாரு. இதுக்கு எவனாவது வழி கேட்டீங்கன்னா ஒதைப்பேன்.” பம்பாய்க்கு மட்டும் இரண்டு செருப்பை அறையின் இரண்டு மூலைக்குத் தள்ளுவான். வெளிநாட்டு விமானம் இறங்குகிற டெர்மினல் ஒன்று, உள்நாட்டுக்கு ஏறுவது பல சமயம் வேறொன்று. நடுவில் வண்டி பிடித்து ஊருக்குள் சுற்றிப் போக வேண்டும். டிக்கெட் இரண்டும் தனித்தனி என்றால் நமக்காக எந்த விமானமும் காத்திருக்காது. “நாலு மணி நேரம் இல்லாம பம்பாய் வழியா எவன் டிக்கெட் போட்டாலும் வாங்காத” என்பான். இவ்வளவு கேட்டும் நான் ஒருமுறை வேறு விமானத்தின் பெல்ட் முன்னால் ஒரு மணி நேரம் நின்று, எல்லாப் பெட்டியையும் வேடிக்கை பார்த்தேன். வழி தெரியாதவன் என்று என்னைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

காதரின் அத்தா மவுத்தாகிவிட்டார், அவன் அப்பா இறந்துவிட்டார் என்று ஒரு சாயங்காலம் செய்தி வந்தது. மகன் வருகிறான் என்று மறுநாள் அஸர் தொழுகை வரை, அதாவது மாலை நாலரை வரை, மையத்தை அடக்காமல் வைத்திருக்க ஜமாத்தில் ஒப்புக்கொண்டார்கள். நாங்களே டிக்கெட் போட எங்கள் யாரிடமும் வங்கிக் கார்டு கிடையாது. டிக்கெட் என்றால் ஊரில் இந்தக் கடைக்காரருக்குத்தான் போன். காதர் ஸ்பீக்கரில் போட்டான்.

“அண்ணே, சென்னைக்கு நேரா எதுனா இருக்குதா பாருங்க.”

“எல்லாம் ஃபுல்லு தம்பி. பம்பாய் வழியா போட்டுட்டேன். காலைல ஏழுக்கு எறங்குற, ஒம்போதுக்கு சென்னை ஃப்ளைட்டு.”

“அது வேற டெர்மினலுண்ணே. ரெண்டு மணி நேரம் பத்தாது.”

“ஒரே ஏர்போர்ட்டுதான்பா, நடந்தே போயிடலாம். நான் எத்தினி பேர அனுப்பியிருக்கேன்!”

காதர் கைப்பை ஒன்றோடு போனான். பம்பாயில் முதல் ஆளாக இறங்கினான். இமிக்ரேஷன் வரிசை, அப்புறம் டாக்ஸி, அப்புறம் நெரிசல். கவுண்டர் முன்னால் போய் நின்றபோது எட்டரை. விமானம் கிளம்ப முக்கால் மணி நேரம் முன்பே மூடிவிட்டார்கள். அடுத்த விமானத்தில் சாயங்காலம்தான் இடம். அங்கிருந்தே ஊரிலிருந்த தன் அண்ணனுக்குப் போன் செய்தான். “எனக்காக வெக்காதீங்க, மையத்த எடுத்துடுங்க. அத்தாவ காக்க வெக்காதீங்க.”

அதே நாளில் எங்கள் கட்டடத்து டிரைவர் ஒருவரும் ஊருக்குப் போயிருந்தார், நேராகச் சென்னைக்கு. திரும்பி வந்து சொன்னார்: “பக்கத்து ஸீட்டு காலியாத்தான் கெடந்தது. கால நீட்டிக்கிட்டு வந்தேன்.” அதற்குள் தோஹா திரும்பிவிட்ட காதர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதியில் எழுந்து போய்த் தட்டைக் கழுவினான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே அவன் அண்ணன் டிக்கெட் கடையில் போய்க் கேட்டபோது, கடை நிறைய ஆள் இருக்க, இவர் “உங்க தம்பி வழி தெரியாம சுத்தியிருக்கான், நான் என்ன பண்றது?” என்றாராம். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. ஒரு கல்யாணத்தில் காதரைப் பார்த்து ஒருவன், “மண்டபத்துக்கு வழி தெரிஞ்சுதாப்பா?” என்று கேட்டான். நான்கு பேர் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு காதர் செருப்பு பரப்பவில்லை. கேட்டால், “என்னையா கேக்குற? நானே தொலைஞ்சவன்” என்பான். வழி சொல்ல வேறு யாரும் அந்த இடத்துக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சாப்பிட்டோம், படுத்தோம். இப்போது அந்தக் கட்டடமும் இல்லை, எட்டுப் பேரும் எட்டுத் திசை. அக்கா மகனுக்கு வழி சொல்லச் சொல்லி நேற்று காதரைக் கேட்டேன். “போன்ல பாத்துக்கச் சொல்லு மாப்ள” என்று வைத்துவிட்டான்.

டிக்கெட் கடை அண்ணே, ரகசியமாக என்னைக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். மங்கலம்பேட்டைக் கடைத்தெருவுக்கு வாருங்கள், வெள்ளிக்கிழமை தொழுகை விட்டு ஆட்கள் வெளியே வருகிற நேரத்தில். காதரின் அண்ணன் எதிரில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். சென்னை விமானத்தில் ஸீட் இருந்ததா, இல்லையா? ரெண்டு மணி நேரம் பத்தாது என்று அவன் உங்களிடம் சொன்னானா, இல்லையா?