முப்பதாவது படம்

பக்கத்து போர்ஷன்காரர் கட்டைவிரல் உயரப் பொம்மைகளைக் கிட்டத்தில் வைத்துப் படமெடுப்பவர். ஒல்லியான ஆள். பட்டனை அழுத்தும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொள்வார்.

ஒருநாள் காலை என் தறியருகே வந்து நின்றார்.

"அண்ணா, ஒரு படத்துல பொம்மயோட ஒரு துளி எடம்தான் ஷார்ப்பா விழும்; முப்பது படம் எடுத்து ஒண்ணா சேத்தாதான் முழுசும் வருது. நடுவுல ஒண்ணு ஆடுனாலும் மொத்தமும் வீண். தறி ஓடுனா மேசை ஆடுது. இரவல் பொம்ம, மத்தியானம் திருப்பிக் குடுக்கணும். பத்து நிமிஷம் நிறுத்துறீங்களா?"

"சாயங்காலம் முகூர்த்தச் சேலை குடுக்கணும்பா" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் எழுந்து போய் அவர் பின்னால் நின்றேன். ஒவ்வொரு படத்துக்கும் நானும் மூச்சை அடக்கினேன்.

முப்பதாவதில் மேசை அதிர்ந்தது. காலியாகக் கிடந்த தறியில் என் மனைவி உட்கார்ந்துவிட்டாள்.

அவளை நிறுத்தச் சொல்ல ஓடிய என்னை அவர் தடுத்தார். "அக்கா முடிக்கட்டும்ணா. முகூர்த்தம் நமக்காக நிக்காது."

எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தார். அதற்கும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பட்டனை அழுத்தினார்.