தூது உத்தியோகம்

யுத்தத்துக்கு முந்திய காலம். சண்டிலிப்பாயில் பதின்மூன்று வயதிலேயே எனக்கொரு உத்தியோகம் இருந்தது. ஐயாவும் அம்மாவும் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. ஏன் என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. அவர் சொல்வதை இவரிடமும் இவர் சொல்வதை அவரிடமும் கொண்டுபோவது நான்தான்.

"கொப்பரிட்டைச் சொல்லு, கூழ் ஆறுது, விருப்பமெண்டால் குடிக்கட்டும்" என்பார் அம்மா.

"கொம்மாட்டைச் சொல்லு, புகையிலைக் கண்டு வாடினாலும் அவவுக்குக் கூழ்தான் பெரிசு."

ஒரு சொல் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். முகத்தைச் சுளித்துச் சொன்னதைச் சுளித்தே சொல்வேன். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சிநேகிதி என்று ஒருத்தியும் இல்லை. விளையாட நின்றால் வீட்டில் யார் தூது போவது?

அப்போதுதான் பருத்தித்துறையிலிருந்து மச்சாள் வந்தாள். அம்மாவின் தமையன் மகள், என்னிலும் இரண்டு வயது இளையவள். தாய்க்குப் பேறுகாலம் என்று ஒரு மாதத்துக்கு எங்களோடு விட்டிருந்தார்கள். மூன்றாம் நாளே அம்மா, நான் பக்கத்தில் நிற்க, அவளைக் கூப்பிட்டுச் சேதி சொன்னார். அடுத்த நாள் ஐயாவும், "மருமேள், இஞ்சை வா" என்றார்.

என் உத்தியோகத்திலேயே கை வைத்துவிட்டாள். அப்படி என்ன மாயம் செய்கிறாள் என்று ஒளித்திருந்து கேட்டேன். "இண்டைக்கும் கூழ்தான், வேறை ஒண்டும் கேக்க வேண்டாமெண்டு உந்தாளிட்டைச் சொல்லு" என்றார் அம்மா. அவள் முற்றத்தில் போய்ச் சொன்னது வேறு.

"மாமா, உங்களுக்கு விருப்பமெண்டு மாமி கூழ் காய்ச்சிறா. வேளைக்கு வரட்டாம்."

ஐயா சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்று அன்றுதான் கண்டேன்.

பத்து நாளில் ஐயா குசினிக்குள், அடுப்படியிலேயே வந்து உட்கார்ந்து கூழ் குடிக்கத் தொடங்கிவிட்டார். ஒருநாள், யாரையும் பாராமல், "உப்புக் காணும், அளவாய்த்தான் கிடக்கு" என்றார். "இன்னும் கொஞ்சம் விடட்டே?" என்று அம்மா கேட்டார். என்னையல்ல, அவரை!

என்னால் தாங்க முடியவில்லை.

"ஐயா, இவள் சொன்னதெல்லாம் பொய்! அம்மா உங்களை உந்தாள் எண்டுதான் சொன்னவ. விருப்பமெண்டு ஒண்டும் சொல்லேல்லை" என்று கத்தினேன், அம்மாவின் முகச்சுளிப்போடேயே. விட்டேனா? அம்மாவிடம் திரும்பி, ஐயா இதுவரை சொன்ன புழுத்த கதைகளையும் ஒன்று விடாமல் ஒப்புவித்தேன்.

ஐயா ஓலைப் பிளாவைக் கூழோடு கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அம்மா அடுப்பை அணைத்தார். மச்சாள் மூலைக்குள் நின்று அழுதாள்.

அடுத்த கிழமை மச்சாளைக் கூட்டிப்போக அவளின் தகப்பன் வண்டியோடு வந்தார். "போட்டு வாறன், மச்சாள்" என்று படலையில் நின்று சொன்னாள் அவள். நான் படலையை இழுத்துச் சாத்தினேன்.

வண்டி ஒழுங்கையால் திரும்புவதற்குள் குசினியிலிருந்து குரல் வந்தது.

"எடியே, கொப்பரிட்டைச் சொல்லு..."

விழுந்தடித்து ஓடினேன். என் உத்தியோகம் எனக்கே திரும்பிவிட்டது. அன்று அந்த வீட்டில் சந்தோஷமாயிருந்தவள் நான் ஒருத்திதான் என்பது எனக்கு விளங்கவேயில்லை.